தானாகச் சேரும், தானாகப் பிரியும்

அக்காவுக்குக் கண் தெரியாமல் போனது ஒரே நாளில் நடந்த காரியம் இல்லை. சின்ன வயதிலேயே பொழுது சாய்ந்தால் என் கையைப் பிடித்துக்கொள்வாள். ஆடித்தபசுக் கூட்டத்தில் ரத வீதியில் நான் எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் வருவாள். சாமி பார்க்கப் போகிறோம் என்று சொல்லி ராட்டினத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். பிறகு பகலிலும் பார்வையின் ஓரங்கள் மங்கத் தொடங்கின. விழித்திரைக் கோளாறு, மருந்து இல்லை என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். டீச்சர் வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆன பிறகு அச்செழுத்தும் அவளைக் கைவிட்டது. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

அக்கா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் சமூக அறிவியல் டீச்சர். பத்தாம் வகுப்பு அவள் கையில். எனக்கு ஒரு சென்னைக் கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று அவர்கள் வாய் திறந்த வாரமே நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டேன். அக்காவுக்காக வந்தேன் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நானும் மறுப்பதில்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான், அம்மா, அக்கா, நான். தெருவில் மற்றதெல்லாம் விசைத்தறி.

பாடப் புத்தகத்தை நானோ அம்மாவோ வாசிப்போம். அக்கா கேட்டு, மனசுக்குள் போட்டு உருட்டி, தன் பாணியில் பாடமாகச் சொல்லி ரெக்கார்ட் செய்வாள். அதைப் பென்டிரைவில் எடுத்துப்போய் வகுப்பில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியில் செருகிவிடுவாள். பாடம் ஒருபக்கம் ஓட, இவள் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துகொண்டே எந்தப் பிள்ளை எழுதுகிறது, எந்தப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையோடு குசுகுசுக்கிறது என்று காதாலேயே பிடித்துவிடுவாள். கண் தெரிந்த டீச்சர்களிடம் தப்பித்த பிள்ளைகள்கூட இவளிடம் மாட்டியிருக்கின்றன.

போனில் ரெக்கார்ட் செய்யலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். போன் திரை வழுவழுவென்று எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி இருக்கிறது, அதை நம்ப முடியவில்லை என்பாள். அவள் விரல்களுக்குக் கீபோர்டுதான் வேண்டும். நான் ப்ளஸ் டூ படிக்கும்போது வாங்கிய இலவச லேப்டாப் பரணில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலையும் போட்டுக் கொடுத்தேன். பேட்டரி செத்துப்போன லேப்டாப், கரண்ட் இருந்தால்தான் உயிர் இருக்கும். மற்றபடி நன்றாக உழைத்தது.

சிக்கல் பென்டிரைவில்தான் வந்தது. லினக்ஸில் பென்டிரைவைச் செருகினால் மட்டும் போதாது. அதை ஏதாவது ஒரு ஃபோல்டரோடு சேர்த்துவிட வேண்டும். அதற்குப் பெயர் மவுண்ட். சேர்த்த பிறகு அந்த ஃபோல்டரைத் திறந்தால் பென்டிரைவில் உள்ளதெல்லாம் அங்கே தெரியும். வேலை முடிந்ததும் பிரித்துவிட வேண்டும், அது அன்மவுண்ட். பிரிக்காமல் வெடுக்கென்று பிடுங்கினால், எழுதி முடிக்காத கோப்பு பாதியில் அறுந்துபோகும். கண் தெரிந்தவர்கள் திரையின் மூலையில் இருக்கும் படத்தை அமுக்கிப் பிரித்துக்கொள்வார்கள். பென்டிரைவின் விளக்கு மினுக்குவது நின்றுவிட்டதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். அக்காவுக்கு மூலையும் இல்லை, விளக்கும் இல்லை. நல்ல நல்ல பாடங்கள் பாதியில் அறுந்தன. அசோகர் கலிங்கப் போருக்குப் புறப்பட்டுப் போனார், திரும்பி வரவே இல்லை.

எனக்கு இதுதான் தொழில். கம்பெனியில் எத்தனையோ டிஸ்க்குகள் ஆள் தொடாமலே தானாகச் சேர்ந்து தானாகப் பிரிகின்றன, வீட்டில் ஒரு பென்டிரைவுக்குச் செய்ய முடியாதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அக்காவுக்கென்று ‘பாடம்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்தேன். அவள் ரெக்கார்ட் செய்வதெல்லாம் அதில்தான் போய் விழும். அவள் அதைத் தொட்டால், அதாவது திறந்தாலோ அதில் எதையாவது எழுதினாலோ, பென்டிரைவ் தானாகச் சேரும். கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் தானாகப் பிரியும். மறுபடி தொட்டால் மறுபடி சேரும். ஆக, அவள் வேலையை முடித்துவிட்டு எப்போது பிடுங்கினாலும் பாதகமில்லை.

சேர்ந்ததும் பிரிந்ததும் அவளுக்குத் தெரிய வேண்டுமே. கம்ப்யூட்டர் குரலில், சேரும்போது ‘இணைக்கப்பட்டது’, பிரியும்போது ‘வெளியேற்றப்பட்டது’ என்று சொல்ல வைத்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். யாரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறாய் என்றாள். சரி என்று என் குரலிலேயே ‘வந்துட்டேன்’, ‘போறேன்’ என்று பதிந்து வைத்தேன். இப்போது அம்மாவுக்கு வந்தது கோபம். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் எவளாவது ‘போறேன்’ என்று சொல்வாளா என்று கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். கடைசியில் அம்மாவே உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள், ‘வந்தாச்சு’ என்றும், ‘போயிட்டு வாரேன்’ என்றும். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பென்டிரைவுக்கு அம்மாவின் குரல்.

அதிலும் ஒரு கூத்து. ரெக்கார்ட் ஆரம்பிக்கிற நேரத்தில்தான் பென்டிரைவ் சேரும் என்பதால், எல்லாப் பாடத்தின் தொடக்கத்திலும் அம்மாவின் ‘வந்தாச்சு’ சேர்ந்தே பதிவாகியிருந்தது. வகுப்பில் ஸ்பீக்கரைப் போட்டதும் பிள்ளைகள் மொத்தமாக ‘வந்தாச்சு’ என்று பின்பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டன. அக்கா வந்து, அந்த ஒன்றை மட்டும் நிறுத்திவிடு என்றாள். நிறுத்தினேன். பிரியும்போது சொல்வது மட்டும் இருந்தது.

பென்டிரைவ் மட்டுமில்லை, எங்கள் வீட்டில் அக்காவுக்குப் பல காரியங்கள் தானாகத்தான் நடக்கும். அவள் வரும் வழியில் நாற்காலி கிடந்தால் நகர்த்தி வைத்துவிடுவோம். தட்டில் அவியல் எந்தப் பக்கம் என்று தேட வேண்டாம், எப்போதும் வலது ஓரத்தில் இருக்கும். சாயங்காலம் அவள் பையை வாங்கி, டிபன் பாக்ஸைக் கழுவப் போட்டுவிட்டு, பென்டிரைவை எடுத்து லேப்டாப்பில் செருகுவது அம்மாவின் வேலை. காலையில் கழற்றிப் பையில் போடுவதும் அம்மாதான். இது எதையும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நாங்களாக வைத்துக்கொண்ட ஏற்பாடு.

மார்கழியில் ஹெச்.எம். அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனுஷி. அக்கா மீது உண்மையான பிரியம் உள்ளவர். மற்றதெல்லாம் சரி, மேப்புக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இந்திய வரைபடத்தில் ஆறும் மலையும் குறிக்கச் சொல்வார்கள். தானே பார்க்க முடியாத வரைபடத்தை ஒரு டீச்சர் எப்படி நடத்துவார்? பத்தாம் வகுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு எட்டாம் வகுப்பை எடுத்துக்கொள்ளலாம், பாரமும் குறையும் என்றார். அக்கா பொங்கல் லீவு முடியும் வரை நேரம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்லை. ஒரு மேப் பேப்பரைக் கொண்டுவரச் சொல்லி மேஜையில் விரித்தாள். இடது கையைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து, எந்த விரலுக்குக் கீழே எந்த ஊர் வருகிறது என்று என்னைச் சொல்லச் சொன்னாள். மணிக்கட்டில் கன்னியாகுமரி வந்தது. நடுவிரல் நுனியில் காஷ்மீர். விரித்த கட்டைவிரல் அஸ்ஸாம் பக்கம் போனது, சுண்டு விரல் குஜராத் பக்கம். அக்காவின் முகம் மாறிவிட்டது. பரீட்சைக்கு யாரும் கையை வீட்டில் வைத்துவிட்டு வர மாட்டார்களே என்றாள். அன்றைக்கு அவள் மீது எனக்கு வந்த பெருமையை இன்று வரை அவளிடம் சொன்னதில்லை.

பாடத்தை யோசித்தாயிற்று. ரெக்கார்ட் செய்வதுதான் பாடு. எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓயவே ஓயாது. சாயங்காலம் ஷிப்ட் மாறும் நேரத்தில் கொஞ்சம் மூச்சு விடும், அதற்குள் ஒரு சின்னப் பாடம் முடிக்கலாம். கரண்ட் போனால் தறி நிற்கும், ஆனால் அக்காவின் லேப்டாப்பும் சேர்ந்து படுத்துவிடும். இது நீளமான வேலை. விரல் விரலாக, ஆறு ஆறாக, நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டியது. அதனால் பொங்கலுக்குக் காத்திருந்தாள். பொங்கலுக்குத்தான் தெருவில் அத்தனை தறியும் மொத்தமாக நிற்கும்.

நின்றன. அந்த லீவு முழுக்க அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். நாங்கள் பொங்கல் பானையை இறக்கும்போதுகூடக் குலவைச் சத்தத்தை அடக்கித்தான் போட்டோம். ஒவ்வொரு பாடத்தையும் முடித்ததும் போட்டுக் கேட்டுப் பார்ப்பாள். பிடிக்கவில்லை என்றால் திரும்பச் சொல்வாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் ‘போயிட்டு வாரேன்’ என்று கேட்கும். அப்பாடா, ஒன்று முடிந்தது என்று நானும் அம்மாவும் பார்த்துக்கொள்வோம். லீவின் கடைசி நாள் வெளியே வந்து, எனக்கு ஒரு காப்பி போடு என்று ராணி மாதிரி நாற்காலியில் சாய்ந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று ஹெச்.எம்.மைக் கூப்பிட்டு வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அக்கா ஸ்பீக்கரைப் போட்டிருக்கிறாள். மேப் பாடம் வரவில்லை. பழைய பாடம் ஒன்று ஓடியது. அடுத்ததை அமுக்கினால் அதுவும் பழையது. கடைசி வரை அமுக்கிப் பார்த்திருக்கிறாள். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்று பிறகு சொன்னாள். ஹெச்.எம். எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டு, வர்ற திங்கட்கிழமை உங்கள் முடிவைச் சொல்லுங்கள் போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் அந்தப் பென்டிரைவை என் கம்ப்யூட்டரில் போட்டு, அழிந்ததைத் தோண்டி எடுக்கும் சாமான் அத்தனையும் ஓட்டினேன். எப்போதோ அழித்த வினாத்தாள், யாரோ ஒரு பிள்ளை ஏற்றிய சினிமாப் பாட்டு எல்லாம் எழுந்து வந்தன. மேப் பாடத்தின் சுவடுகூட இல்லை. பென்டிரைவைத் திரும்ப அக்காவின் லேப்டாப்பில் செருகி அதிலும் மூலை முடுக்கெல்லாம் தேடினேன். இல்லை. இல்லாத ஒன்றை இவ்வளவு மும்முரமாகத் தேடுகிறேனே என்று எனக்கே என் மீது எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில், வேறு எதையாவது அமுக்கினாயா, நன்றாக யோசித்துச் சொல் என்று அக்காவைத் துளைத்தெடுத்தேன்.

அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். “நாந்தான் தெரியாம அழிச்சிருப்பேன்,” என்றாள். “என் கையி இப்ப எனக்கே தெரியாம என்னென்னமோ செய்யுது போல.”

அவள் கண்ணைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறாள், கேலிகூடச் செய்திருக்கிறாள். தன் கையை அவள் சந்தேகப்பட்டு நான் கேட்டதில்லை. கண் போன பிறகு அவளுக்கு மிச்சமிருந்தது அந்தக் கைதான்.

தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன. ஷிப்ட் இடைவெளிகளில் அத்தனையையும் திரும்பச் சொல்ல வேண்டுமென்றால் பரீட்சையே முடிந்துவிடும். அந்த வாரம் முழுக்க அக்கா லேப்டாப்பைத் தொடவில்லை. பென்டிரைவ் அதிலேயே செருகியபடி கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். பத்தாம் வகுப்பை விட்டுவிடப் போவதாக நாளைக்கு ஹெச்.எம்.மிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பும் நல்ல வகுப்புதானே என்றாள். அக்கா தலையை ஆட்டினாள். லேப்டாப் பக்கத்தில் போய் பென்டிரைவைத் தடவிப் பிடித்துக் கழற்றி, என் கையில் வைத்தாள். புது வகுப்புக்குப் புதிதாக ஆரம்பிக்கிறேன், இதை நீ வைத்துக்கொள் என்றாள்.

பிறகு, லேப்டாப்பில் இருக்கும் அந்தப் ‘பாடம்’ ஃபோல்டரையும் எடுத்துவிடுகிறேன் என்று கீபோர்டில் கை வைத்தாள். பென்டிரைவ் இல்லையென்றால் அது வெறும் காலி ஃபோல்டர்தான், இருந்தால் என்ன என்றேன். அவள் கேட்கவில்லை. ஃபோல்டரைத் திறந்து அம்புக்குறியை அமுக்கினாள். கம்ப்யூட்டர் குரல் ஒரு கோப்பின் பெயரை வாசித்தது. பொங்கலன்றைய தேதி போட்ட பெயர். அடுத்ததை அமுக்கினாள். மாட்டுப் பொங்கல். அடுத்தது. அதற்கடுத்தது.

அக்கா கையை எடுத்துவிட்டாள். நான் பென்டிரைவைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றேன். அவள் ஒன்றைத் திறந்து ஓட விட்டாள். தறிச் சத்தம் இல்லாத எங்கள் தெரு முதலில் கேட்டது. எங்கோ தூரத்தில் ஒரு மாட்டின் கழுத்துமணி, அடுப்படியில் குக்கர். பிறகு அக்காவின் குரல். “பிள்ளைகளா, இடது கையைக் கவுத்து வைங்க. மணிக்கட்டு கன்னியாகுமரியில இருக்கட்டும்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் என் தொழில் புத்தி அதற்குள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துவிட்டிருந்தது. ஒரு ஃபோல்டரின் மேல் பென்டிரைவைச் சேர்த்தால், அந்த ஃபோல்டரில் ஏற்கெனவே இருந்தவை அதற்கு அடியில் போய்விடும். அழியாது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. பிரித்தால்தான் தெரியும். பொங்கல் பாடங்கள் பென்டிரைவுக்குப் போகவே இல்லை. லேப்டாப்பின் சொந்த டிஸ்கில், அந்த ஃபோல்டரில் விழுந்திருக்கின்றன. லீவு முடிந்து பென்டிரைவ் வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. நான் தேடும்போதும் அது செருகியே இருந்தது. நான் அந்த ஃபோல்டரைத் தொட்ட ஒவ்வொரு முறையும், நான் எழுதிவைத்தபடியே தானாகச் சேர்ந்து, நான் தேடியதைத் தானாக மூடிக்கொண்டது.

அப்படியானால் பொங்கலுக்குப் பென்டிரைவ் எங்கே இருந்தது? அம்மாவைக் கேட்டோம். லீவு விட்ட அன்று பள்ளிக்கூடத்தில் பொங்கல் வைத்தார்கள். பை நிறையக் கரும்புத் துண்டும் மஞ்சளும் வந்தன. அதில் பென்டிரைவைக் காணோம், நான் எடுத்துச் செருகியிருப்பேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் லேப்டாப்பிலும் காணோம், நானே கழற்றிப் பையில் போட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. நான் அம்மா செருகியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்கவில்லை. அது வகுப்பு ஸ்பீக்கரிலேயே லீவு முழுக்கக் கிடந்திருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்த அன்று அக்கா ஸ்பீக்கரைத் தடவினால் பென்டிரைவ் அதில் இருந்தது. சில நாள் நடப்பதுபோல ஏதோ ஒரு பிள்ளை அவள் பையிலிருந்து எடுத்துச் செருகியிருக்கும் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். பென்டிரைவ் இருந்தால் சேர்த்துவிடு என்று லேப்டாப்புக்கு நான் எழுதியிருந்தேன். இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. அது சத்தம் காட்டாமல் கிடைத்த இடத்தில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்ததும் வராத விருந்தாளிக்கும் சேர்த்து ‘போயிட்டு வாரேன்’ சொல்லியிருக்கிறது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“ஏட்டி, பென்டிரைவ் இல்லன்னா இல்லன்னு அது சொல்லணும்,” என்றாள். “நீங்களும் சொல்லணும். எல்லாம் சரியா இருக்கு, சரியா இருக்குன்னே என்னைய வச்சிருக்கிய. எங்க தப்புன்னு எனக்குத் தெரியவே மாட்டேங்கு. கடைசில என் கைதான் தப்புன்னு நெனச்சிட்டேன் பாத்தியா.”

நாங்கள் அவளுக்குச் செய்த அத்தனையும் பிரியத்தால் செய்தவை. அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் அவள் சொன்னது சரி. நான் உட்கார்ந்து, எழுதாமல் விட்ட அந்த வரியை எழுதினேன். பென்டிரைவ் இல்லாவிட்டால் ரெக்கார்ட் ஆரம்பிக்கவே கூடாது. அதற்கு யார் குரல் போடலாம் என்று கேட்டேன். அக்கா மைக்கைத் தன் பக்கம் இழுத்து, ‘இல்ல’ என்று சொன்னாள். ஒரே சொல். குரலில் கோபமும் இல்லை, குழைவும் இல்லை.

பொங்கல் பாடங்களை அன்றிரவே பென்டிரைவில் ஏற்றி அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அக்கா தன் பென்டிரைவைத் தானே பையில் போட்டுக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, சேலைக் கொசுவம் ஒரு பக்கம் ஏறியிருப்பதைப் பார்த்தேன். வழக்கமாக அவளைக் கடந்து போகிற சாக்கில் குனிந்து இழுத்து விட்டுவிடுவேன், அவளுக்குத் தெரியாது. கை போய்விட்டது. மடக்கிக்கொண்டேன்.

“ஏக்கா, கொசுவம் இடது பக்கம் ஏறியிருக்கு,” என்றேன்.

அவள் நின்றாள். குனிந்து மடிப்பைத் தடவி, பிரித்து, மறுபடி எடுத்துச் செருகினாள். சரியா என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் என்றேன். திரும்ப எடுத்துச் செருகினாள். இப்போது சரி என்றேன். இதற்கு முன் எத்தனை நாள் இப்படிக் கோணலாகப் போயிருக்கிறேன் என்று கேட்டாள். ஒரு நாளும் இல்லை, நாங்கள் சரிபண்ணி விட்டுவிடுவோம் என்றேன். எனக்குச் சேலை நன்றாகக் கட்டத் தெரியும் என்றல்லவா இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லி, ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தாள். தெருவில் இறங்கித் தறிச் சத்தத்துக்கு நடுவே கோலைத் தட்டிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், என்ன ஆயிற்று என்று அம்மா பிடித்துக்கொண்டாள். ஹெச்.எம். மறுபடி பின்பெஞ்சில் உட்கார்ந்தாராம். இந்த முறை அவரும் ஒரு வெற்று மேப்பை வாங்கி, பிள்ளைகளோடு பிள்ளையாக இடது கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பென்சிலால் குறித்துக்கொண்டே கேட்டாராம். பாடம் முடிந்ததும், தப்பு இருந்தால் இங்கேயே சொல்லுங்கள் டீச்சர் என்று அக்கா கேட்டிருக்கிறாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, நர்மதை கடலில் சேரும் இடம் தப்பு என்றாராம். சுண்டு விரல் நுனி என்று சொல்கிறீர்கள், நுனியில் வைத்தால் கட்ச் வளைகுடா வந்துவிடுகிறது, விரலின் அடியில் வைக்க வேண்டும். அதைத் திருத்திக்கொண்டு நாளைக்கே பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் வையுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாராம். எட்டாம் வகுப்பைப் பற்றி அவர் பேசவே இல்லை.

“பிள்ளைகள முன்னாடி வச்சே தப்புன்னு சொல்லிட்டாங்கட்டி,” என்றாள் அக்கா. அவள் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

காப்பியைக்கூட வாங்காமல் நேரே லேப்டாப்பிடம் போனாள். பையிலிருந்து பென்டிரைவை எடுத்து, துளையைத் தடவித் தேடிச் செருகப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள், நுழையவில்லை. அம்மா ஓர் அடி முன்னால் வந்து, நின்றுகொண்டாள். “தலைகீழா இருக்கு,” என்று மட்டும் சொன்னாள். அக்கா திருப்பிச் செருகினாள், நுழைந்தது. ஷிப்ட் மாறுவதற்காக மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அக்கா ரெக்கார்டை அமுக்கினாள்.

“பிள்ளைகளா, நர்மதை சுண்டு விரல் நுனியில இல்ல, அடியில,” என்று ஆரம்பித்தாள். “டீச்சர் போன தடவ தப்பாச் சொல்லிட்டேன்.”